ஆம்புலன்ஸை மறித்த டீ கேன்

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாசலை நோக்கி நிற்கும் டிரெய்லர் லாரிகளை ஓடும் வண்டிகள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவை கட்டடங்கள். ஓட்டுநர்கள் அவற்றின் நிழலில் சமைக்கிறார்கள், பக்கவாட்டில் துணி காயப்போடுகிறார்கள், உள்ளே குறட்டை விடுகிறார்கள். இந்தக் குடியிருப்பின் நடுவே, சைக்கிள் கேரியரில் எவர்சில்வர் கேனைக் கட்டிக்கொண்டு, கெங்கம்மா பதினோரு வருடமாக டீ விற்றுவந்தார். வயது ஐம்பத்திரண்டு. குரல் மட்டும் அதைவிட இளையது. கடலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

சைரன் கேட்டால் லாரி ஒதுங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒதுங்கினால் பின்னால் இருப்பவன் அந்த இடத்தில் மூக்கை நுழைத்துவிடுவான் என்று அனுபவம் சொல்கிறது. இடம் போனால் அன்றைய முறையும் போயிற்று, கன்டெய்னர் பெட்டியை இறக்க மறுநாள்தான். ஆகவே சைரன் கேட்டதும் எல்லா ஓட்டுநர்களும் நோயாளிக்காக மனமார இரக்கப்பட்டபடி அங்கேயே நிற்பார்கள்.

கெங்கம்மா இதற்கு ஒரு சாக்பீஸைக் கண்டுபிடித்திருந்தார். டீ ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு லாரியின் பம்பரிலும் ஓர் எண் எழுதுவார். ஆம்புலன்ஸ் வந்தால் முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். “நவுரு நைனா. உன் நம்பரு எங்கிட்ட கீது.” லாரிகள் ஒதுங்கும், வண்டி போகும், பிறகு எண்படி திரும்பவும் வரிசை சேரும். எண்ணை மீறியவருக்கு டீ கிடையாது. ஒன்பது மணி நேரம் வெயிலில் நிற்கிறவர்களுக்கு இதைவிடக் கடுமையான தண்டனையை எந்தச் சட்டமும் வகுத்ததில்லை.

காத்திவாக்கத்தில் வசித்த சிலுவைமுத்து ஓய்வுபெற்ற ரயில்வே எழுத்தர். மற்றவர்கள் நடைப்பயிற்சி போகும் நேரத்தில் அவர் மனு எழுதுவார். மணலிப் பக்கமிருந்து வரும் நாற்றம் பற்றி ஒரு முறை எழுதினார். காற்று தங்கள் துறையின் கீழ் வரவில்லை என்று பதில் வந்தது. அடுத்த மனு ஆம்புலன்ஸ் தாமதம் பற்றியது. அதில் காரணத்தையும் அவரே கண்டுபிடித்து எழுதியிருந்தார்: சாலையோரம் ஒரு பெண்மணி டீ விற்கிறார், அங்கே கூட்டம் கூடுகிறது, வண்டி நிற்கிறது.

மனு போய்ச் சேர்ந்த அதிகாரியின் அறைச் சுவரில் வட்டாரவாரியாக ஓர் அட்டவணை தொங்கியது. அழைப்பு வந்து எத்தனை நிமிடத்தில் ஆம்புலன்ஸ் போய்ச் சேர்கிறது என்ற கணக்கு. நகரத்தின் தெற்கு பச்சை. யானை கடக்கும்வரை வண்டி காத்திருக்கும் மலை வட்டாரம்கூட மஞ்சள். எங்கள் வட்டாரம் சிவப்பு, முப்பத்துநான்கு நிமிடம். யானையோடு போட்டியிட்டுத் தோற்றதில் அதிகாரிக்கு வருத்தம் இருந்தது. ஆனால் யானைக்குத் துறைமுக வாசலில் முறை கிடையாது, அது கடந்துவிடும்.

அவர் அனுப்பிய மூவர் குழு ஜீப்பில் வந்தது. லாரிகளுக்கு நடுவே ஐம்பது நிமிடம் மாட்டிக்கொண்டது. கெங்கம்மாவிடம் டீ வாங்கிக் குடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆராய்ந்ததில், அகற்றக்கூடிய ஒரே பொருள் அந்த சைக்கிள்தான் என்ற முடிவுக்கு வந்தது.

“இன்னா சார் இது? இத்தினி லாரி நிக்குது, டீய இஸ்துகினு போறீங்க?”

“லாரியத் தூக்க நம்மகிட்ட வண்டி இல்லம்மா,” என்றார் குழுவில் நேர்மையான ஒருவர்.

சைக்கிளும் கேனும் ஜீப்பில் ஏறின. புகார் கொடுத்தவர் மனுவைத் திரும்பப் பெற்றால் பார்க்கலாம் என்றார்கள். அன்று மாலையே கெங்கம்மா சிலுவைமுத்துவின் வாசலில் நின்றார்.

“பெரிசு, அந்தக் கேன் இல்லன்னா எனக்குப் பொயப்பே இல்ல. வாபஸ் வாங்கிக்க.”

“சட்டப்படி நான் செஞ்சது சரி. நீ வேணா ஒரு மனு குடும்மா. நானே எழுதித் தரேன்.”

“உன்ன எதுத்து நீயே எழுதுவியா?”

“நல்லா எழுதுவேன்,” என்றார் சிலுவைமுத்து. பெருமையாகத்தான் சொன்னார்.

கேன் போன பதினேழாம் நாள், பகல் மூன்று மணிக்கு, சிலுவைமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. மகள் ரூத் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது கிளம்பி வந்து, லாரிகளுக்கு நடுவே இன்னொரு கட்டடமாக நின்றது. டிரைவர் இக்னேஷியஸ் சைரனை விட்டுவிட்டு போனை எடுத்தார்.

“யக்கா, எங்க கீற? உடனே வா. ஒரு இஞ்ச்சுகூட நவுர முடில.”

“எங்கிட்ட இன்னா கீது? கேன்தான் பூட்ச்சே. யாருக்கு ஒடம்பு?”

“பெட்டிஷன் பெரிசுக்கு. நெஞ்சுவலி.”



“அந்தாளுக்கா? என் சோத்துல மண்ணப் போட்டுட்டு, இப்ப படுத்துகினானா?” என்றார் கெங்கம்மா. “அவன் பூட்டான்னா வாபஸ்ல எவன் கையெய்த்துப் போடுவான்? அங்கியே இரு, வரேன்.”

செருப்பைத் தேட நேரமில்லாமல் ஒரு சாக்பீஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஆம்புலன்ஸுக்கு நேர் முன்னால் தூத்துக்குடிக்காரர் தங்கப்பாண்டியின் லாரி. பம்பரில் ‘1’ என்று எழுதினார்.

“லெப்டுல ஒடிச்சு நிறுத்து, பாண்டி.”

“யக்கா, கேன் இருந்தப்ப நீங்க சொன்னா ஒரு பய மீற மாட்டான். இப்ப டீயே கிடையாது. என்னத்த வச்சு அவனுவள மெரட்டுவீங்க?”

நியாயமான கேள்வி. டீ இல்லாத இடத்தில் சட்டம் எப்படிச் செல்லும்?

“நாளிக்கி டீ வரும். இன்னிக்கி நவுந்தவனுக்கு இஞ்சி டீ. நவுராதவனுக்கு ஆயுசுக்கும் வெந்நீ.”

தங்கப்பாண்டி யோசித்தார். ஒடித்தார். உடனே பக்கத்து வரிசை லாரி ஒன்று அந்த இடத்தை நோக்கி மெல்ல ஊர்ந்தது. கெங்கம்மா அதன் முன்னால் போய்த் தார்ச்சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“வா நைனா. என் மேல ஏத்திகினே போ. ரெண்டாவது ஆம்புலன்சு வர்றதுக்குள்ள பொயுது சாஞ்சிரும், கூடவே கத பேசிகினு இருக்கலாம்.”

லாரி நின்றது. மேலிருந்து, “சரி நம்பர் போடு, எந்திரி,” என்று குரல் வந்தது. இருபத்துமூன்று பம்பர்களில் இருபத்துமூன்று எண்கள். ஆறே நிமிடத்தில் வழி பிறந்தது. கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடந்ததில் கெங்கம்மாவின் பாதம் கொப்பளித்துவிட்டது. சிலுவைமுத்து பிழைத்துக்கொண்டார். இன்னும் கால் மணி போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் இரவல் கெட்டிலில் இஞ்சி டீ வந்தது. வாக்கு வாக்குதான். அதற்கடுத்த நாளும் வந்தது. இக்னேஷியஸ் இப்போதெல்லாம் கிளம்பும்போதே கெங்கம்மாவுக்குப் போன் போட்டுவிடுவார், வண்டி வருவதற்குள் எண் போட்டு வழி தயாராக இருக்கும். அதிகாரியும் ஜீப்பில் போகும்போது ஒன்று குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, மார்பில் தையலோடும் கையில் நான்கு பக்க மனுவோடும் சிலுவைமுத்து அலுவலகத்துக்குப் போனார். பழைய புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், அந்த அம்மாள் அங்கே நின்றதால்தான் தாம் இங்கே நிற்பதாகவும் எழுதியிருந்தார். அதிகாரி படித்து முடித்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார். சுவர் அட்டவணையில் எங்கள் வட்டாரம் மஞ்சளாகியிருந்தது. பத்தொன்பது நிமிடம்.

“ஐயா, சாலையில் இருந்த தடையை அகற்றியதால் வேகம் கூடியதுன்னு அறிக்கை போயிடுச்சு. எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்துடுச்சு. இப்ப அந்தம்மா அங்க இருக்காங்கன்னு நீங்க எழுதினா எப்படி?”

“இருக்காங்களே சார். காலையிலகூட டீ குடிச்சேன்.”

“நானுந்தான் குடிச்சேன். ஆனா அவங்க அங்க இல்ல.”

முப்பத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்தவருக்கு இது உடனே விளங்கிவிட்டது. “அப்படின்னா, இனி யாராவது புகார் குடுத்தாலும்…”

“இல்லாத ஆளை எப்படிங்க அகற்றுறது?”

சிலுவைமுத்து மனுவை நான்காக மடித்துப் பையில் வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, கொடுக்காத ஒரு மனு வேலை செய்திருந்தது. உரிமையாளர் இல்லாத பொருள் என்று சீட்டு ஒட்டிய சைக்கிளையும் கேனையும் கிடங்கிலிருந்து வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆட்டோ லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டதால், கேனை மட்டும் தூக்கிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி இறங்கி நடந்தார்.

கெங்கம்மா மூடியைத் திறந்து உள்ளே மோந்து பார்த்தார். “கலீஜ் பண்ணி வச்சிருக்கானுங்க. நீ இன்னாத்துக்குப் பெரிசு வெயில்ல தூக்கினு வர்ற? நெஞ்சு தாங்குமா?”

“ஒரு டீ குடும்மா. சக்கர போடாத.”

கெங்கம்மா சாக்பீஸை எடுத்து அவருடைய குடையின் கைப்பிடியில் ‘24’ என்று எழுதினார்.

“முன்னால இருவத்தி மூணு பேரு கீறாங்க. போய் நில்லு.”

சிலுவைமுத்து போய் நின்றார்.