யார் பட்டியலிலும் இல்லாத பெட்டி

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவன் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறேன். மகளுக்குத் தஞ்சோங் பகாரில் கணினி வேலை. போன வருடம் சொந்தக்காரர்கள் கூடுவதாக இருந்தபோது, தாத்தா முதல் இன்றுவரை எல்லாரையும் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

செங்காங்கில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு ஆளும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அவர் பெயரும் பிள்ளைகளின் பட்டியலும். “ரெண்டு பிள்ளைதான்னு இல்லப்பா. எட்டும் இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்.” தாத்தாவில் தொடங்கி, மூத்த பிள்ளைக்குக் கீழே உள்ள அத்தனை பேரையும் பார்த்து முடித்து, திரும்பி வந்து அடுத்த பிள்ளைக்குப் போகுமாம். பட்டியல்களைக் குடும்பத்துக்கு ஒருவர் போனில் அனுப்பியிருந்தார்கள்.

ஓட்டினாள். மற்ற எல்லாருடைய பெயர்களும் வந்தன. எங்கள் பெட்டிகளைத்தான் அவள் முதலில் செய்திருந்தாள். ஆனால் என் பெயரும் வரவில்லை, எனக்குக் கீழே இருந்த அவள் பெயரும் வரவில்லை. புரோகிராமில் தப்பு என்று ஒரு மணி நேரம் தேடினாள். யாரும் தங்கள் பட்டியலில் என்னை எழுதவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லையென்று மூன்று வயதில் என்னைக் கொடுத்துவிட்டார்கள். பெற்றவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தேன். பிறகு பெரியப்பாவுக்கே ஒரு மகன் பிறந்தான்.

மகள் இரண்டு பக்கமும் போன் போட்டாள். கூடப்பிறந்த அண்ணன், “அவனைத்தான் அப்பவே கொடுத்தாச்சேம்மா, அங்க கேளு லா” என்றார். பெரியப்பா மகன், “எங்கப்பாவுக்கு நான் ஒரே பிள்ளைம்மா, அங்க கேட்டுப் பாரு” என்றான்.

“எங்க சேர்க்கட்டும்ப்பா? ஒருத்தர ஒரு பட்டியல்லதான் வைக்க முடியும். சொல்லுங்க, எழுதிடறேன்.”

வேண்டாம் என்றேன். அவர்கள் எழுதாத பெயரை யாரைக் கேட்டு எழுதினாய் என்று நாலு பேர் முன்னால் அவளைக் கேட்டால் எனக்குப் பேச வராது.

“அப்ப நானும் இல்ல லா” என்று மட்டும் சொன்னாள்.

சொந்தக்காரர்கள் கூடிய அன்று அந்தக் குடும்பப் பட்டியலைப் பெரிய தாளில் அச்சடித்து மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “நீதான் உயரம், மேல் மூலையைப் பிடி” என்றார். டேப் ஒட்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

9 மார்ச் 2025, ஞாயிறு.