சாய்ந்து நின்ற சரவணபவ

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் லேப்டாப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். நடுவே சில வரிகள் மட்டும் தடித்து, வலப்பக்கம் சாய்ந்து நின்றன. ஆனாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகல இடம்தான். “என் குறிப்பு தனியாத் தெரியணும்ல, அதுக்குத்தாம்மா” என்றான். முருகா, இதை நான் சிறுமியாக இருந்தபோதே சித்தப்பா எங்கள் மலையூர் கூக்காலுக்காகத் தகரத்திலேயே வெட்டிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பூண்டு மூட்டைகளில் ‘சரவணபவ’ என்றுதான் அடையாளம் போடுவோம். ஆறு அறைகள் கொண்ட ஒரு மரச்சட்டம். எழுத்து வெட்டிய ஆறு தகடுகளை அதில் செருகி, சாக்கின் மேல் வைத்து மை தடவ வேண்டும். அறைகள் எல்லாம் ஒரே அகலம் என்பதால் ஒல்லியான ‘ர’ காலை அகட்டி நிற்கும். ‘ண’ வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும். சாமி பெயரில் எது பெரிது, எது சிறிது?

தண்ணீர் முறையில் மனத்தாங்கல் வந்து அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அந்த அடையாளத்தை இருவருமே விடவில்லை. வத்தலக்குண்டில் மூட்டைகள் மாறிப்போய், சந்தையிலேயே சண்டை. இருவருக்கும் இளையவர் சித்தப்பா. கொடைக்கானலில் தகரப் பெட்டியும் மரப் பெட்டியும் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அப்பாவுக்கு வேறு தகடு வெட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

முதலில் சாய்த்து மட்டும் வெட்டினார். மூட்டை சரிந்து கிடந்தால் பெரியப்பாவின் நேர் எழுத்தும் சாய்ந்தே தெரிந்தது.

“அப்பத் தடியா வெட்டிரு, போதும்ல?” என்றார் அப்பா.

“பனியில மை ஊறிருச்சும்பாங்கண்ணே. ரெண்டும் வேணும்.”

தடியாகவும் சாய்வாகவும் ஆறு தகடுகள் வந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் தூரத்திலிருந்தே பிரித்துவிட்டார்கள். ஆனால் சித்தப்பா பழைய சட்டத்தின் அளவுக்கே வெட்டியிருந்தார். சட்டம் ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடுவது என் சோலியானது.

ஒரு அறுவடையின்போது மேகம் இறங்கிவிட்டது. லாரி காத்து நிற்கிறது. சட்டம் பெரியப்பா வீட்டில். நனைந்தால் பூண்டு போச்சு. ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஏத்தா, ஒங்கப்பனுக்குக் காலு இல்லையா? அவனையே வந்து வாங்கிக்கிடச் சொல்லு.”

அப்படியே வந்து சொன்னேன். அப்பா வானத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். திரும்பும்போது சட்டத்தோடு பெரியப்பாவும் வந்தார்.

“இவன் தடவுனா மை வழிஞ்சுல்ல கெடக்கும்” என்று லாரிக்காரரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சட்டத்தை அழுத்திப் பிடித்தார். அப்பா மை தடவினார். மழை வலுக்கும் முன் கடைசி மூட்டையும் ஏறியது. பழனியாண்டவர் காப்பாற்றினார். அம்மா இருவருக்கும் காபி கொண்டுவந்தாள். பெரியப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கோ சித்தப்பா மேல்தான் கோபம். அடுத்த முறை பட்டறைக்குப் போனபோது கேட்டேவிட்டேன்: “இன்னொரு சட்டம் செஞ்சா என்ன சித்தப்பா? நாந்தான அலையறேன்.”

“பலகை இல்லையே தாயி” என்றார், தகரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தேன், சுவரோரம் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்த பலகைகளின் மேல்.