ஸ்டெல்லா டீச்சரின் முப்பது பல் செயின்வீல்

வயலுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா டீச்சரின் கணவர் ஜோசப். "சார், ஸ்டெல்லா போயிட்டா. நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேரல." வர வர போன் அடித்தாலே இப்படித்தான். சலித்துவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொள்ளாச்சிக்கு மேற்கே நம் சித்தூரில் காலையில் சைக்கிள் மிதிக்கும் நம் கூட்டத்துக்கு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவர், இங்கே பள்ளிக்கூடத்தில் என்னோடு கணக்கு நடத்தியவர். ஐந்தடிகூட இல்லாத உருவம். அவர் வாங்கிய ரோடு சைக்கிளில் பெடலைத் தாங்கும் கிராங்க் நீளமாக இருந்தது. மிதிக்கும்போதெல்லாம் முட்டி வயிற்றில் இடித்தது. கழற்றிவிட்டு நூற்றறுபது மில்லிமீட்டர் கிராங்க் போட்டார். கிராங்க் நீண்டால்தானே பலம் என்று ஆளாளுக்கு உபதேசம் செய்தோம். "ஏனுங்க டீச்சர், கொழந்தைப் புள்ளைக சைக்கிள்ல இருந்து கழட்டுனதுங்களா?" என்று எங்கள் கூட்டத்துப் பொன்னுசாமி கேட்டார். "ஆமா சார். மேடு ஏறி முடிச்ச பெறவு எல்லாருமா சிரிப்போம்" என்றார்.

நம் ஊர்க்காரன் மட்டுமே செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஆடி மாதத்தில் கிழக்கே பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்து, பெடலோடு சுற்றும் பல்சக்கரமான செயின்வீலை வாங்குவது. மலைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். பல் கூடக்கூட மிதிக்கக் கனம்; ஆனால் அந்தக் காற்றில் ஐம்பத்துமூன்று பல் இருந்தாலும் சும்மா சுற்றும். நானும் அப்படித்தான் வாங்கினேன். திரும்பும்போது எதிர்க்காற்றில் நாக்குத் தள்ளிவிட்டது. டீச்சர் சின்னப் பல்லில் விறுவிறுவென்று மிதித்தபடி பக்கத்தில் வந்து, "காத்து தள்ளுனத கால் தள்ளுனதுன்னு நெனச்சிட்டீகளோ?" என்றார். கோபம் வந்தது.

அவருக்கு ஒரே ஆசை. எஸ்டேட்டில் இருக்கும் அம்மாவின் வாசலில் ஒருமுறையாவது சைக்கிளிலேயே போய் இறங்க வேண்டும். போன கிறிஸ்துமஸுக்கு நானும் கூடப் போனேன். மறையூர்க் கரும்புக்காடு தாண்டி, தேயிலை கண்ணில் படுகிற மேட்டில், முப்பத்துநாலு பல்லே அவருக்குப் பாரமாகிவிட்டது. இறங்கினார். ஒரு ஜீப்பை நிறுத்தி இரண்டு சைக்கிள்களையும் ஏற்றினோம். "கால் தோக்கல சார். பல்லுதான் தோத்துச்சு. அடுத்த தடவ முப்பது போடுதேன்" என்றார்.

போட்டும்விட்டார். ஏறத்தான் இல்லை.

உடலை அதே வழியில்தான் கொண்டுபோனோம். பொள்ளாச்சி ரோடு நெடுகக் காற்று வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது. எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யார் கேட்டார்கள் இந்தக் காற்றை? எஸ்டேட் வீட்டு வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சைக்கிள்லதான் வாரேன்னா சார்" என்றார்.

அந்தக் கிராங்கை முப்பது பல் செயின்வீலோடு ஜோசப் என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு பல்கூடத் தேயவில்லை. என் காலுக்கு அது குட்டை. இருக்கட்டும், கிராங்க் குறைந்த அளவுக்குச் சீட்டை ஒரு விரல் உயர்த்தினால் போதும் என்று சொன்னவரும் அவர்தான். என் சைக்கிளில் மாட்டி, சீட்டையும் உயர்த்திவிட்டேன். முட்டி வலிக்கிறது, மனசும் ஓய்ந்துபோயிருக்கிறது. ஆனாலும் இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்த வாசலில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.