மகன்ர பேச்சு நிண்ட நேரம்

எனக்கு வடிவா எழுத வராது, மன்னிக்கவேணும். ஊரில அஞ்சாம் வகுப்போட படிப்பு நிண்டுபோச்சு. இப்ப மறதியும் கூட. ஆனா இதை ஆருக்காவது சொல்லோணும் போல கிடக்கு.

போன தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முந்தி, மெல்பேர்னில நல்ல வெயில் எறிச்ச ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்தது.

என்ர மகன் பேஸ்போல் விளையாடினவன். எங்கட ஆக்களிட்ட அதைச் சொன்னா, "ஆ, கிரிக்கெட்டோ?" எண்டு கேப்பினம். நானும் வெக்கத்தில ஓம் எண்டு விட்டுடுவன். அவன் பந்து எறியிற வேகத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில ஒரு வாத்தியார்தான் சேர்த்துவிட்டவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய்ச் சின்னச் சின்னக் குழுக்களில சம்பளத்துக்கு விளையாடினான். திரும்பி வந்து இங்கயும் விளையாடினான்.

மைதானத்துக்கு நடுவில ஒரு சின்ன மண்மேடு இருக்கும். அதில நிண்டு பந்து எறியிறதுதான் அவன்ர வேலை. எதிரில தடியோட நிக்கிறவன் அடிச்சா, சிலநேரம் பந்து எறிஞ்சவன்ர முகத்துக்கே திரும்பி வரும். அப்பிடி வந்த ஒண்டு அவன்ர வலக்கண்ணுக்குப் பக்கத்தில பட்டுது. உயிர் தப்பினது கடவுள் புண்ணியம். கண் மங்கிப்போச்சு, விளையாட்டும் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு குசினியில சட்டி மூடி விழுந்தாலும் ரெண்டு கையாலயும் தலையைப் பொத்துவான். நான் பாத்திரம் கழுவுறதே பயந்து பயந்துதான்.

வீட்டுக்குள்ளேயே கிடந்தவனை வானொலிக்காரர் கூப்பிட்டினம். ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து மைக்கில சொல்லுற வேலை. முதல் ஆட்டம் சரியாச் சொன்னாத்தான் வைச்சிருப்பினமாம். "நீங்களும் வாங்கோ அம்மா, பின்னால ஒரு கதிரையில சும்மா இருந்தாப் போதும்" எண்டான். அவனுக்கும் பயம் எண்டு எனக்கு விளங்கீட்டுது.

மைதானத்துக்கு மேல கண்ணாடி போட்ட சின்ன அறை. அவனோட சேர்ந்து சொல்லுறவர் தொப்பை வயிறோட ஒரு வயசான வெள்ளைக்காரர். நான் கொண்டுபோன முறுக்கில ஒண்டை எடுத்து ஆட்டம் துவங்க முந்தியே சாப்பிட்டுட்டார். மகன் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் கடிச்சுப்போடாதேங்கோ, அவுஸ்திரேலியா முழுக்கக் கேக்கும்" எண்டான். சிரிச்சனான்தான், ஆனா மூச்சு விடவே பயமாக் கிடந்தது. வாயே திறக்கக் கூடாதெண்டு அங்க வேலை செய்யிற ஒரு பிள்ளையும் சொல்லிப்போட்டுது.

அவன்ர இங்கிலீசு எனக்கு விளங்காது. குரல் நடுங்கேல்லை, அது விளங்கிச்சு.

வெள்ளைக்காரர் தண்ணி எடுக்க வெளியில போன நேரம் 'டொக்' எண்டு ஒரு சத்தம். மேட்டில நிண்ட பொடியன் அப்பிடியே சுருண்டு விழுந்தான்.

மகன்ர பேச்சு நிண்டுது. கண்ணை இறுக்கி மூடி, தலையைப் பொத்திக்கொண்டு குனிஞ்சிட்டான். வானொலியில ஒண்டும் போகேல்லை. பக்கத்து அறைக் கண்ணாடிக்கு அங்கால, என்னை வாய் திறக்கக் கூடாதெண்ட அந்தப் பிள்ளை 'கதை, பேசு' எண்டு கையைக் காட்டுது. அவன் பார்த்தாத்தானே. கீழ ஆரோ ஒரு தாயின்ர பிள்ளை கிடக்குது, மேல என்ர பிள்ளை. திரும்பவும் அவன் கண்ணில அடிபட்டுக் கிடந்த அந்த ஆஸ்பத்திரி, அந்தக் கட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற அவன். எல்லாம் கண்ணுக்கு முன்னால வந்திட்டுது.

நான் கோயிலில தேவாரம்கூட மனசுக்குள்ள பாடுற மனுசி. கீழ பார்த்தன். பொடியன்ர கால் அசைஞ்சுது. பிறகு முழங்காலை ஊண்டினான்.

"தம்பி, அந்தப் பொடியன் எழும்புறான். கண்ணைத் திறந்து பாரப்பு!"

மெல்லமாச் சொல்லேல்லை. கத்திப்போட்டன்.

அவன் கண்ணைத் திறந்தான். கீழ பார்த்தான். பெரிய மூச்சொண்டு விட்டுட்டு மைக்கில என்னவோ சொன்னான். பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினவன். "இப்ப கேட்டது என்ர அம்மான்ர குரல். அவன் எழும்புறான் எண்டு சொல்லுறா. ஓம், எழும்பீட்டான்" எண்டு சொன்னவனாம். தண்ணியோட வந்த வெள்ளைக்காரர், "உன்ர அம்மாவுக்கும் சம்பளம் குடுக்கோணும் போல" எண்டு பகிடி விட்டவராம். நான் தேத்தண்ணிப் போத்தல் மூடியைத் திறக்க ஏலாமல் அப்பிடியே மடியில வைச்சுக்கொண்டு இருந்தனான்.

வேலை கிடைச்சிட்டுது. இப்ப ஆட்டம் இருக்கிற நாளில ரேடியோவுக்குப் பக்கத்திலதான் இருப்பன். அவன் எச்சில் விழுங்க ஒரு கணம் நிப்பாட்டினாலும் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிப்போட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோவன். பிள்ளை வளர்ந்திட்டான் எண்டு இந்தப் பயம் விட்டுப் போகுமெண்டு நினைச்சிருந்தன், போகாது போல.

விளையாட்டைப் பற்றி எழுதினதில பிழை இருந்தாத் தெரிஞ்ச ஆக்கள் திருத்தி விடுங்கோ. அந்தப் பொடியனுக்குப் பந்து தோளில பட்டதோ, கழுத்தில பட்டதோ எண்டும் எனக்கு வடிவா ஞாபகமில்லை. ஆராவது விசாரிச்சுச் சரியா எழுதுங்கோ. என்ர மகனிட்ட மட்டும் கேட்டுப்போடாதேங்கோ.