துரை கழற்றிப் போட்ட பூட்ஸ்

என் வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கிடக்கிறது. தையலெல்லாம் சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது. "இத்த ஏன் இன்னும் தூக்கிப் போடாம வெச்சிகினு கீற?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்காத நாளில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மாமனாரை நினைத்துக்கொள்கிறேன். மரியாதையால் அல்ல.

ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் அவர் மேஸ்திரி. வேண்டாமென்று வெள்ளைக்காரத் துரை கழற்றிப் போட்ட பூட்ஸை எடுத்து வந்து, பரிசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஒருநாளும் காலில் போட்டதில்லை. துரைக்கு முன்னால் செருப்போடு நிற்கவே கூசுகிறவர் துரையின் பூட்ஸையா போடுவார்? ஞாயிறுதோறும் அதற்கு அபிஷேகம் நடக்கும். தேங்காய் நாரால் தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துவார். அடுப்பருகே வைத்தால் தோல் வெடித்துவிடுமாம். மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் என் குழம்புச் சட்டியில்தான் உருகும். அதைக் கட்டைவிரலால் தொட்டுத் தையல் தையலாக நீவிவிட்டு, பழைய வேட்டித் துணியால் முகம் தெரியும்வரை தேய்ப்பார். பெற்ற பிள்ளைக்கு அவர் ஒருநாள் எண்ணெய் தேய்த்துவிட்டதாக எங்கள் லைன் வீடுகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளைதான் என் வீட்டுக்காரர். வெறுங்காலோடு சுரங்கத்து ஷாஃப்ட் குழியில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் உடைந்த கல்லின்மேல் நின்று வேலை செய்தவர். ஒரு மழைக்காலத்தில் கல் குத்திய காலோடு வந்தார். நான் வெட்கத்தை விட்டு மாமனாரிடம் பூட்ஸைக் கேட்டேன்.

"துரை காலு பட்ட தோலும்மா இது. சேத்துல போட்டு நாசம் பண்ணவா குட்த்தாரு?" என்றார்.

புண் அழுகி, இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. காயம் ஆறியதும், பிள்ளைக்குச் சுரங்கத்துக்கு வெளியே ஒரு வேலை கேட்கிறேன் என்று மாமனார் துரை பங்களாவுக்குப் புறப்பட்டார். விசுவாசத்துக்குச் சாட்சியாகப் பூட்ஸையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார். திரும்பும்போது அதோடு கையில் இன்னொரு ஜோடியும் இருந்தது, சேறு அப்பியபடி. பழைய பூட்ஸ் தன்னுடையது என்பதே துரைக்கு நினைவில்லை. அதன் பளபளப்பைப் பார்த்து, இதையும் இப்படியே துடைத்துக் கொண்டுவா என்று போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாராம்.

"வேலை இன்னா ஆச்சு மாமா?"

"அத்த எங்க கேக்கறது? இனிமே துரை பூட்ஸு நம்ம வூட்டுக்குத்தாம்மா வரும்!"

அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அவர் நார் தேடிக்கொண்டிருக்கும்போதே பழைய ஜோடியை எடுத்து என் வீட்டுக்காரர் காலில் நானே மாட்டினேன். விரல் இல்லாத இடத்தில் அந்த வேட்டித் துணியைத் திணித்தேன். அவர் தன் அப்பாவைப் பார்க்காமல் எழுந்து நடந்தார்.

"ஐயோ, சேறாயிடும்!" என்று மாமனார் அலறினார்.

"ஆவட்டும் மாமா. தொடைக்கத்தான் உங்களுக்கு வேற ஜோடி கீதே" என்றேன்.

அடி தேயும்வரை என் வீட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டுதான் சுரங்கத்தில் இறங்கினார். இத்தனை நாள் ஊட்டிய கொழுப்பு தண்ணீரை உள்ளே விடவில்லை. அப்பனால் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான், அதுவும் அவர் மனமறிந்து செய்ததல்ல. மாமனார் சாகும்வரை துரையின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஜோடியின் சேற்றில் மட்டும் அவரைக் கைவைக்க நான் விடவில்லை. என் வீட்டுக்காரரின் மீதி எட்டு விரல்களுக்குப் பதிலாக அதன்மேல் பட்ட சேறு அது.