மூக்கைச் சுருக்கினால்

கேமராவைப் பொருத்தியதும் அதன் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, முதலில் தன் முகத்தைத்தான் அதற்குக் காட்டுவாள் ஊலீபீகா. "நல்லாப் பாத்து வெச்சுக்க. உனக்கு நான்தான் மொத ஆளு" என்று அதனிடம் பேச்சு வேறு. கனடாவின் பனிசூழ்ந்த வடக்கில் உள்ள இக்காலுயிட் ஊரில் இதற்கு இப்போது யாரும் சிரிப்பதில்லை. சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

வயது நாற்பத்திரண்டு. பகலெல்லாம் ஒயர்களைப் பற்றவைப்பாள். கை ஓய்ந்தால் ஊசியை எடுத்துவிடுவாள். சீல் எனும் கடல்நாயின் குடலைக் காயவைத்து ஆளுயரத் திரையாகத் தைத்திருக்கிறாள். முன்னால் உட்கார்ந்தால் கணினி முகத்தைப் படித்து, சந்தோஷத்துக்கு ஒரு நிறம், துக்கத்துக்கு ஒரு நிறம் என்று திரைக்குப் பின்னால் விளக்கேற்றும். பிறகு அந்த ஊர் மொழியிலேயே, "உன் மொகத்தை வெச்சுக்கட்டுமா?" என்று கேட்கும். சம்மதித்தவரின் முகம் அடுத்து வருபவரின் முகத்தோடு கலந்து ஒளிரும். சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் திறப்பு.

புதன்கிழமை ஒத்திகைக்கு மீகா வந்தாள். மீகாவின் தாய் இறந்த பிறகு பிறந்தவள் ஊலீபீகா. அந்தத் தாயின் பெயரைத்தான் இவளுக்கு வைத்தார்கள். அதனால் அறுபது வயது மீகாவுக்கு இவள் "அம்மா". இவளுக்கு அவள் "மகளே". மீகா புருஷனைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திரை கேட்டதும் மீகா மூக்கைச் சுருக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வந்து பார்த்தால், திரையில் தபால்காரரின் முகத்தோடு கலந்து அவளுடைய அழுத முகம் மிதக்கிறது.

"நான் வேணாம்னுதானே சொன்னேன், அம்மா? நீயே எம்பேச்சக் கேக்கலன்னா அப்புறம் யாரு கேப்பா?"

ஊலீபீகாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. முகம் படிக்கும் நிரலைத் தெற்கிலிருந்து வாங்கியிருந்தாள். மூக்குச் சுருங்கினால் அதற்குச் சிரிப்பு, சிரித்தால் சம்மதம். புருவம் ஏறினால் ஆமாம், மூக்குச் சுருங்கினால் வேண்டாம் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். இவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சோதித்துப் பார்த்தது தன்னை வைத்து மட்டும்தான்.

"தெக்கத்தி ஆளுங்களோட கம்ப்யூட்டர்ல பேசிப் பேசி, அதுக்கு முன்னால ஒக்காந்தாலே எனக்குத் தல தானா ஆடுது, மூக்குச் சுருங்கறதில்ல, மகளே. என்னைச் செருப்பால அடிக்கணும்."

யார் ஆமாம் என்றார்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்று பிரிக்க வழியில்லை. நாலு மாத ஒத்திகைகளில் சேர்த்த இருநூற்றுப் பதினான்கு முகங்களையும் மீகாவின் கண்ணெதிரிலேயே அழித்தாள்.

"சனிக்கிழமை தெறப்பேன். தெறக்கலன்னா ஏன்னு கேளு" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஊலீபீகா கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கடை, தேவாலயம், படகுத்துறை என்று ஒருவரையும் விடவில்லை. ஆளுக்கு ஒரு ஆமாம், ஒரு வேண்டாம் வாங்கிக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தாள்.

"வேணாம் மட்டும் போதும்னா எம்பொண்டாட்டியக் கேளு. ஒரு மூட்டை தருவா" என்றான் வேட்டைக்காரன் ஜுவானாசி.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முதல் ஆளாக மீகாவே போய் உட்கார்ந்தாள். திரையில் அவள் முகம் கருநீலத்தில் எழுந்தது. கேள்வி வந்தது. மீகா மூக்கைச் சுருக்கினாள். முகம் போய்த் திரை முழுக்க இருண்டது.

"அப்படிப் போடு!" என்று கத்திக் கைதட்டினாள் ஊலீபீகா. தன் விளக்கு அணைந்ததற்குக் கைதட்டிய கலைஞர் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மீகா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தால் திரை மறுபடி கேட்கும். கேட்டது. மீகா கேமராவை விட்டுவிட்டு, ஊலீபீகாவைப் பார்த்து, மெல்ல இரண்டு புருவங்களையும் உயர்த்தினாள்.