கருங்கோன் வழிவிட மறுத்த மத்தியானம்

லக்ஷ்மிநாராயணன் மாயாஜால நாவல் எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. அந்த வயதில் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள். இல்லாவிட்டால் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவார்கள். இவர் ராட்சசர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்.

எல்லாம் மகள் சாஹித்யாவால் வந்தது. 2004இல் ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவைக் கூட்டிப்போய் ஆபீஸ் கட்டடத்தைக் காட்டினாள். மனுஷர் கட்டடத்தை ஏறெடுத்துப் பார்த்தால்தானே? வழியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்த பாறைகளை வெடி வைத்துத் தகர்ப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். “இதெல்லாம் கோவிச்சுண்டு எழுந்து நடக்க ஆரம்பிச்சா என்னடி பண்ணுவா?” என்று கேட்டார். “அப்பா, ப்ளீஸ்!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். திருமுல்கேரி வீட்டுக்குத் திரும்பியவர் எழுத உட்கார்ந்துவிட்டார். மகள் ஆபீஸிலிருந்து ஒருபக்கம் அச்சான தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டாள்.

இப்போது மூன்று பாகம் புத்தகமாக வந்தாயிற்று. ஆனால் அவர் நாவலாசிரியர் ஆனது புத்தகம் வந்த அன்றைக்கு இல்லை.

செகந்திராபாத் ரயில்வே கண்ட்ரோல் ஆபீஸில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவர் அவர். காதில் போன், எதிரே விரித்த சார்ட், கையில் பென்சில். எந்த வண்டி எந்த நிமிஷம் எங்கே என்று கோடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வருகிற இரண்டு வண்டிகளின் கோடுகள் ஸ்டேஷனில்தான் சந்திக்கலாம். நடுவழியில் சந்தித்தால் தொலைந்தது. அவர் சார்ட்டில் ஒருநாளும் அப்படிச் சந்தித்ததில்லை.

நாவலுக்கும் சார்ட் போட்டார். வேறென்ன தெரியும் அவருக்கு? கல் ராட்சசர்களின் ராஜா கருங்கோனுக்குக் கறுப்புக் கோடு, பறக்கும் யாளிமேல் வரும் இளவரசி முகிலிக்குச் சிவப்புக் கோடு. தினமும் மூன்று மணிக்கு, எழுதியதை மனைவி கல்பகத்துக்குப் படித்துக் காட்டுவார்.

அவர் பரிசையெல்லாம் எதிர்பார்க்கவில்லை. கல்பகம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிட்டுப் படுத்து, எழுந்து மறுபடி டியூட்டிக்கு ஓடிய மனுஷர். பெண்டாட்டியோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது கிடையாது. பேசாததையெல்லாம் இப்போது ராட்சசன் வாயில் வைத்துப் பேசுகிறார். அந்த அம்மாளோ மூன்றாவது பக்கத்திலேயே குறட்டை விடுவாள். மனசு விட்டுப்போகும் அவருக்கு. மறுநாளும் படிப்பார்.

ஒருநாள் தயிருக்கு உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு ஃபாத்திமா, கல்பகம் தூங்குவதைப் பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்து கேட்டாள். அவள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூரிலிருந்து வந்து கண்டோன்மென்ட்டில் தங்கியது; அவள் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும். மனசில் பட்டதைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

“கைக்கு அண்ணா, ஏன் எல்லாரும் இப்படி வழிவிட்டுக்கிட்டே போறாங்க? ராட்சசன் வரான். இளவரசி வரா. சண்டை வரும்னு பார்த்தா, அவன் குகைக்குள்ள ஒதுங்கி நின்னு, அவ போனப்புறம் பதினோரு நிமிஷம் கழிச்சுப் புறப்படறான். ராட்சசனுக்கு என்ன அவ்ளோ மரியாதை?”

“மோதினா செத்துடுவாளேம்மா.”

“ஹவ், ஆமா, அதுக்குத்தானே கதை!”

லக்ஷ்மிநாராயணனுக்குச் சுரீரென்றது. நானூறு பக்கம் புரட்டிப் பார்த்தார். அடப் பாவமே! அத்தனை ராட்சசர்களும் யோக்கியமாகக் குகையில் காத்திருந்தார்கள். ஒரு கீறல்கூட யார்மேலும் விழவில்லை.

நாலு நாள் பென்சிலைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் சார்ட்டை விரித்து, கறுப்புக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் ஒரு குறுகிய மலையிடுக்கின் நடுவே கொண்டுவந்தார். அழிரப்பரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் அதை ஜன்னலுக்கு வெளியே விட்டெறிந்துவிட்டு எழுதினார்.

மூன்று மணிக்குப் படித்தார். கல்பகம் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தாள். இடுக்கின் இந்த முனையில் முகிலி நுழைந்தாள். அந்த முனையில் கருங்கோன் நுழைந்தான். நடுவில் ஒதுங்க இடமே இல்லை.

“ஐயோ, அவளை நிறுத்துங்கோ!” கல்பகம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“முடியாதுடி. ரெண்டு பேரும் உள்ளே போயாச்சு.”

“யாராவது போய்ச் சொல்லப்படாதோ?”

“யாருக்கும் தெரியாது. மலைமேல நிக்கற காவல்காரனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் கத்தறது கீழே கேக்காது.”

அந்தக் காவல்காரன் கத்துவதைப் படித்தபோது, போன் பிடித்த பழக்கத்தில் அவர் இடதுகை காதோரம் போயிற்று. யாளி விழுந்தது. முகிலி விழுந்தாள். கல்பகம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எழுதினவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அழுகிறவளைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கம் வேறு.

கல்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏன்னா, அந்தக் காவல்காரன் நீங்கதானே?”

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார்.

“ஆபீஸ்ல தினமும் இப்படித்தான் பயந்துண்டு உக்காந்திருந்தேளா?”

“தினமும்தான்.”

“முப்பத்துமூணு வருஷம் டிபன் கட்டிக் குடுத்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

“சொல்லத் தெரியலைடி.”

“இப்பத் தெரியறதோல்லியோ, சொல்லுங்கோ,” என்று அவர் கையிலிருந்த தாள்களை வாங்கிக் கீழே வைத்தாள்.